பாயைச் சுருட்டிய பிறகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில், ஆசனம் எப்படிப் போடுவது, எத்தனை சுற்று மூச்சுப் பயிற்சி செய்வது என்று கேட்டவர்கள் குறைவு. பாயைச் சுருட்டி வைத்த பிறகு மீதி நாளை எப்படிக் கழிப்பது என்றுதான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம், ஏனென்றால் பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் என்னைப் பிடித்து வைத்திருப்பதும் அந்த மீதி நாள்தான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை விட்டுவிட்டேன்.

ஆறு மாதமாகத் தவறாமல் யோகா வகுப்புக்குப் போகிறேன். முதுகுவலி குறைந்துவிட்டது, தூக்கமும் வருகிறது. ஆனால் கோபம் அப்படியே இருக்கிறது. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த கால் மணி நேரத்தில், பள்ளிக்குக் கிளம்பாமல் நிற்கும் பையனிடம் கத்துகிறேன். சில நாள் அடித்தும்விடுகிறேன். அப்புறம் நாள் முழுக்க மனசு கேட்பதில்லை. யோகா செய்தால் கோபம் போகும் என்றார்களே?
வாசகி, ஈரோடு

மனசு கேட்பதில்லை என்று எழுதினீர்களே அம்மா, அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.

வகுப்பில் நீங்கள் செய்வது ஆசனம், யோகத்தின் எட்டு அங்கங்களில் மூன்றாவது. யோக சூத்திரத்தில் மொத்தம் 195 சூத்திரங்கள் (சில பதிப்புகளில் 196). அதில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. ஆசனத்துக்கு முன்னால் இயமம் (பிறரிடம் நடந்துகொள்ளும் ஒழுக்கம்), நியமம் (தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் ஒழுக்கம்) என்று இரண்டு அங்கங்கள் இருக்கின்றன. இயமத்தின் முதல் சொல்லே அகிம்சை. மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறோம் என்பதை முதலில் வைத்துவிட்டு, அப்புறம்தான் பதஞ்சலி உட்காரச் சொல்கிறார். நாம் நேராக மூன்றாவது படியில் ஏறிவிட்டு முதல் படியின் பலனை எதிர்பார்க்கிறோம். உங்கள் வகுப்பின் மேல் தப்பில்லை, அது தர வேண்டியதைத் தந்திருக்கிறது.

என் மகள் ஏழாவது படிக்கும்போது மதிப்பெண் அட்டையைப் பார்த்துவிட்டு நான் கத்திய கத்தில் அவள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. என் ஆசிரியரிடம் போய் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "கத்துவதற்கு முன்னால் உன் மூச்சு எங்கே இருந்தது?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அன்று எரிச்சல்தான் வந்தது. ஒரு வாரம் கவனித்த பிறகுதான் தெரிந்தது, கத்துவதற்கு நாலைந்து விநாடி முன்பே மூச்சு மேல் நெஞ்சில் வந்து நின்றுகொள்கிறது, தோள் தூக்கிக்கொள்கிறது, தாடை இறுகுகிறது. யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில், அதாவது முதல் அத்தியாயத்தில், 31ஆவது சூத்திரம் இதைத்தான் சொல்கிறது: மனம் சிதறும்போது துக்கம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கு கெட்ட மூச்சு இவை கூடவே வரும். கோபத்தை நேரடியாகப் பிடிக்க முடியாது. மூச்சைப் பிடிக்க முடியும், அது நம் மூக்குக்குக் கீழேயே இருக்கிறது.

இன்னொன்று. அகிம்சைக்கு எதிரானதைப் பதஞ்சலி மூன்று விதமாகப் பிரிக்கிறார்: தானே செய்வது, பிறரைச் செய்யவைப்பது, பிறர் செய்வதை ஆமோதிப்பது. நம் வீட்டில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அடிப்பது முதல் வகை. "அப்பா வரட்டும், உனக்கு இருக்கு" என்பது இரண்டாவது. "நாலு போட்டாத்தான் திருந்துவான்" என்று யாராவது சொல்லும்போது சும்மா தலையாட்டுவது மூன்றாவது. எனக்கு மூன்றாவதை விடுவதற்குத்தான் அதிக நாள் ஆனது, அதைத் தப்பு என்றே நான் நினைத்ததில்லை.

இந்த மாதிரி எண்ணம் வரும்போது அதற்கு எதிர்ப்பக்கத்தை நினை என்கிறார், பிரதிபட்ச பாவனம் என்று பெயர். நிறையப் பேர் இதைக் கோபம் வரும்போது இனிமையாக எதையாவது நினைத்துக்கொள்வது என்று சொல்லித் தருகிறார்கள். அடுத்த சூத்திரத்தைப் படித்தால் விஷயம் அதைவிடக் கறாராக இருக்கிறது. இது எங்கே கொண்டுபோய் விடும், இதன் பலன் முடிவில்லாத துக்கமும் அறியாமையும், அதை நினை என்கிறார். உங்களுக்கு அந்தப் பலன் தெரியும், நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நாள் முழுக்க மனசு கேட்பதில்லை என்று. அந்த மத்தியானத்துக் கனத்தைக் காலையிலேயே ஒரு விநாடி நினைவுக்குக் கொண்டுவர முடிந்தால் போதும்.

அப்புறம், "வரப்போகும் துன்பம் தவிர்க்கக் கூடியது" என்று இரண்டாம் பாதத்தில் ஒரு சின்ன சூத்திரம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, பையனின் புத்தகப் பை, சாக்ஸ், தண்ணீர் பாட்டில் மூன்றையும் முதல் நாள் இரவே எடுத்து வையுங்கள். இதெல்லாம் தத்துவமா என்று கேட்காதீர்கள், எனக்கு அந்தச் சூத்திரம் புரிந்ததே இப்படிச் செய்தபோதுதான். அடிப்பதை மட்டும் படிப்படியாகக் குறைக்கலாம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம், இன்றோடு நிறுத்துங்கள். ஏற்கெனவே அடித்ததற்குப் பையனிடம் மன்னிப்புக் கேளுங்கள், காரணம் சேர்க்காமல்.

கண்ணை மூடி உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் ஆபீஸ், வீட்டுக் கடன், பழைய சண்டை, சினிமாப் பாட்டு எல்லாம் வருகிறது. உட்காராமல் இருந்தால் இதைவிட நிம்மதியாக இருக்கிறேன். சித்த விருத்தி நிரோதம் என்றால் எண்ணமே இல்லாமல் இருப்பது என்கிறார்கள். எனக்கு அது வராது போலிருக்கிறது.
வாசகர், சோழிங்கநல்லூர்

தம்பி, கிணற்றில் தூர் வாரும்போது பார்த்திருக்கிறீர்களா? முதல் நாள் தண்ணீர் முன்னைவிடக் கலங்கித்தான் கிடக்கும். சேறு அன்றைக்குப் புதிதாக வந்ததில்லையே.

விருத்தி என்றால் சுழற்சி. மனம் ஐந்து விதமாகச் சுழல்கிறது என்கிறார் பதஞ்சலி: சரியாக அறிவது, தப்பாக அறிவது, பொருளே இல்லாமல் வெறும் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடுவது, தூக்கம், ஞாபகம். கெட்ட எண்ணங்களின் பட்டியலாக இது இல்லை என்பதைக் கவனியுங்கள், சரியான அறிவும் இதில்தான் இருக்கிறது. இந்த ஐந்தையும் ஆபீஸில் வைத்துப் பார்ப்போம். மேலாளர் "நாளைக்குப் பேசலாம்" என்று ஒரு வரி அனுப்புகிறார். அந்த ஒரு வரி வந்தது என்பது சரியான அறிவு. போன கம்பெனியில் இப்படி ஒரு வரிக்குப் பிறகு நடந்தது ஞாபகம். வேலை போய், கடன் தவணை கட்ட முடியாமல், ஊருக்குத் திரும்பி, மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது என்பது வரைக்கும் ஓடுகிறதே, அது மூன்றாவது, விகற்பம். அதற்குப் பின்னால் இன்னும் ஒரு பொருளும் இல்லை. எது எந்த வகை என்று பெயர் வைக்கத் தெரிந்தாலே பாதி ராத்திரி தூக்கம் திரும்பி வரும், நான் இதை வாழ்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

எண்ணமே எழாத நிலை ஒன்று இருக்கிறது, சூத்திரம் அதை நோக்கித்தான் போகிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது உங்கள் பத்தாவது நிமிடத்துக்கான பரீட்சை இல்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எல்லா பஸ்ஸும்தான் வரும். வருகிற பஸ்ஸில் எல்லாம் ஏறாமல் நிற்கப் பழகுவது உங்கள் இப்போதைய வேலை. ஏறிவிட்டது தெரிந்தால் இறங்கிவிட வேண்டும், ஏறியதற்காகத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

இது வராது என்று முதலில் சொன்னது நீங்கள் இல்லை. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனனே, மனத்தை அடக்குவது காற்றை அடக்குவது போல என்கிறான். கண்ணன் அவனை மறுக்கவில்லை, சந்தேகமே இல்லை, கஷ்டம்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பயிற்சியாலும் வைராக்கியத்தாலும் (பற்றை விடுவதாலும்) பிடிபடும் என்கிறான். அந்தப் பயிற்சி எப்போது வேர் பிடிக்கும் என்பதற்குப் பதஞ்சலி மூன்று நிபந்தனை வைக்கிறார்: நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு. முதல் இரண்டு எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதை விட்டுவிடுகிறோம். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள், அந்தப் பத்து நிமிடத்துக்குத் தரும் மதிப்பு அதுதான். இன்று எத்தனை எண்ணம் வந்தது என்று எழுந்ததும் கணக்குப் பார்க்காதீர்கள்.

கல்லூரி விழாவில் யோகா ஐயாயிரம் வருடப் பழமையானது என்றும், சூரிய நமஸ்காரம் பதஞ்சலி தந்தது என்றும் பேசினார்கள். உண்மையா?
மாணவி, திருச்சி

சூரிய நமஸ்காரம் யோக சூத்திரத்தில் இல்லை. அதில் ஒரு ஆசனத்தின் பெயர்கூட இல்லை, நிலையாகவும் சுகமாகவும் இருப்பது ஆசனம் என்பதோடு முடித்துக்கொள்கிறார். பிறகு வந்த வியாச பாஷ்யம் என்ற உரைதான் பத்மாசனம், வீராசனம் என்று சிலவற்றைப் பெயர் சொல்லிச் சொல்கிறது. சூத்திரத்தின் காலத்தை ஆய்வாளர்கள் பலர் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டை ஒட்டி வைக்கிறார்கள், அதைவிடப் பல நூற்றாண்டு முன்னால் வைப்பவர்களும் உண்டு. யோகம் என்ற எண்ணம் அதைவிடப் பழையது, புலன்களை அசையாமல் பிடித்து நிறுத்துவதே யோகம் என்று கடோபநிடதம் சொல்கிறது. சிந்து சமவெளி முத்திரையில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கும் உருவத்தை வைத்து ஐயாயிரம் என்கிறார்கள், அதை யோகி என்று படிப்பது ஒரு ஊகம்தான்.

15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹட யோகப் பிரதீபிகையில் ஆசனங்கள் 15. இன்று வகுப்புகளில் நின்றும் வளைந்தும் அடுத்தடுத்துச் செய்யும் முறைக்கு 1930களில் மைசூர் அரண்மனை ஆதரவில் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாருக்குப் பெரிய பங்கு உண்டு. பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் இருவரும் அவரிடம் படித்தவர்கள்தான். அவர் பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து 1989இல் நூறு வயதில் மறைந்தார். சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாகப் பரப்பியதில் அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் ஔந்து சமஸ்தான அரசருக்கும் பங்கு உண்டு. பயிற்சி புதிது என்பதால் பலன் குறைந்துவிடப் போவதில்லை, தாராளமாகச் செய்யுங்கள். சத்தியமும் இயமத்தில் ஒன்று என்பதால் மேடையில் உள்ளதைச் சொன்னால் போதும்.

நம்மூர்த் தொடர்பு வேண்டுமென்றால் பொய்யாக ஒன்றைச் சேர்க்கவே வேண்டாம். தில்லைக் கூத்தைக் காண வியாக்கிரபாதரோடு காத்திருந்த பதஞ்சலியைச் சிதம்பரத்தில் போய்ப் பார்க்கலாம். அவரே சூத்திரம் எழுதியவர் என்பது மரபு சொல்வது, வரலாறாக நிறுவியதில்லை. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு அங்கங்களையும் தமிழில் பாடியிருக்கிறார். அதில் இயமத்தைச் சொல்லும் இடத்தில் "கொல்லான் பொய்கூறான் களவிலான்" என்று தொடங்கி, "பகுத்துண்பான்" என்று ஒரு சொல்லையும் வைக்கிறார். பதஞ்சலியின் ஐந்து இயமங்களில் அந்தச் சொல் இல்லை. பகிர்ந்து சாப்பிடுவது யோகத்தின் முதல் அங்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் ஓரகத்தி புது வீட்டு கிரகப்பிரவேசப் படங்களைப் போட்டிருந்தாள். வாழ்த்து அனுப்பினேன், ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. நாங்கள் பதினாலு வருடமாக வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். தினமும் தியானம் செய்கிறவள் நான். எனக்கு ஏன் இப்படித் தோன்றுகிறது? நான் கெட்டவளா?
வாசகி, மதுரை

இல்லை அம்மா. பொறாமை வராதவர்களுக்காக அந்த நூல் எழுதப்படவில்லை. வரும் என்று தெரிந்துதான் முதல் பாதத்தின் 33ஆவது சூத்திரத்தை வைத்திருக்கிறார், நான் சுவரில் எழுதி ஒட்டி வைத்திருக்கும் ஒரே சூத்திரம் அதுதான். சுகமாக இருப்பவரிடம் நட்பு, துக்கத்தில் இருப்பவரிடம் கருணை, நல்லது செய்பவரைக் கண்டால் மகிழ்ச்சி, தீயது செய்பவரிடம் உபேட்சை (பொருட்படுத்தாமல் விலகி இருப்பது), இந்த நாலையும் பழகினால் மனம் தெளியும் என்கிறது. தெளிவுக்கு அங்கே வரும் சொல் பிரசாதனம். கோயிலில் வாங்கிக்கொள்கிறோமே பிரசாதம், அதற்கும் இதற்கும் வேர் ஒன்றுதான்.

முதலில் எதை வைத்திருக்கிறார் என்று பாருங்கள். துக்கத்தில் இருப்பவருக்குக் கருணை காட்டுவது நமக்கு அவ்வளவு கஷ்டமில்லை. உங்கள் ஓரகத்திக்கு நாளைக்கே உடம்பு சரியில்லை என்றால் நீங்கள் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. துக்க வீட்டுக்கு நாம் எல்லோரும் போய் நிற்கிறோம், ராத்திரி முழுக்கக் கூட உட்கார்ந்திருக்கிறோம். நம்மோடு சமமாக இருந்தவர் சுகப்படும்போது கூட நிற்பதுதான் கடினம். அதனால்தான் முதலில் அதற்கு மருந்து சொல்கிறார், அந்த மருந்தின் பெயர் மைத்திரி, நட்பு. பழைய உரைகளும் பொறாமை என்ற கசடு இதனால் கழியும் என்று விளக்குகின்றன. பொறாமைப்படாதே என்று சொல்லவே இல்லை, அது சொல்லி நடக்கிற காரியமா? நட்பைப் பழகு என்கிறார், அது செய்யக்கூடிய காரியம்.

வாட்ஸ்அப் வாழ்த்து போதாது என்று நினைக்கிறேன். போன் பண்ணுங்கள். ஒரு நாள் அந்தப் புது வீட்டுக்கே போய், சாமான் அடுக்குவதில் கூட ஒரு வேலை செய்யுங்கள். கடன் வாங்க எவ்வளவு அலைந்தார்கள், கொத்தனார் எத்தனை நாள் இழுத்தடித்தார் என்று கேளுங்கள். போட்டோவில் தெரியாததெல்லாம் அந்தப் பேச்சில் வரும், அவளும் ஒரு வீட்டுக்காரியாக இல்லாமல் அலைந்து களைத்த ஒரு பெண்ணாகத் தெரிவாள். முதலில் நடிப்பது போலத்தான் இருக்கும், இருக்கட்டும். பாவனை என்ற சொல்லுக்கே திரும்பத் திரும்ப மனத்தில் உருவாக்கிப் பழகுவது என்றுதான் பொருள்.

உங்கள் வீட்டுக் கவலை தனி. அதை இந்த எரிச்சலோடு கலக்காதீர்கள். பதினாலு வருட வாடகை உண்மையான பாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடு உட்கார்ந்து நோட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடு வாங்க முடியும் முடியாது என்பது நோட்டில் தெரியும், ஓரகத்தியின் போட்டோவில் தெரியாது.

உபேட்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் போன மாதம் ஒரு வாசகி, அடிக்கும் கணவனை உபேட்சையோடு பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று தனக்குச் சொல்லித் தந்ததாக எழுதியிருந்தார். படித்து எனக்குக் கைகால் நடுங்கியது. உபேட்சை அடி வாங்கிக்கொண்டு இருப்பது இல்லவே இல்லை. வீட்டை விட்டு வெளியேறி, புகார் கொடுத்து, செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டு, அதன் பிறகு அந்த மனிதனைத் தன் மனத்துக்குள் இருபத்து நாலு மணி நேரமும் குடிவைக்காமல் இருப்பதுதான் உபேட்சை. பெண்கள் உதவி எண் 181 இரவும் பகலும் இருக்கிறது.

சூத்திரம் படிக்கத் தொடங்கியதிலிருந்து எதிலும் பிடிப்பு வேண்டாம் என்று தோன்றுகிறது. மகளின் கல்யாணப் பேச்சில்கூடக் கலந்துகொள்வதில்லை. மனைவி பயப்படுகிறாள். வைராக்கியம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
வாசகர், தஞ்சாவூர்

எடுத்துக்கொள்ள வேண்டாம் ஐயா. இதை நேராகச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும்.

தமிழில் இந்தச் சொல் வேறு பாதையில் போய்விட்டது. "வைராக்கியமா இருக்கான்" என்றால் பிடிவாதமாக இருக்கிறான் என்று அர்த்தம். சூத்திரத்தில் அது ராகம் நீங்கிய நிலை. ராகம் என்றால் பற்று, நிறம் என்றும் பொருள். துணியில் ஏறிய சாயம் போல மனத்தில் ஏறியிருக்கும் ஆசைச் சாயம் வெளுப்பது. கண்ட பொருளிலும் கேள்விப்பட்ட பொருளிலும் தாகம் அடங்கி, அவை நம் வசத்தில் இருக்கும் நிலை என்று பதஞ்சலி இலக்கணம் சொல்கிறார். சாயம் வெளுத்தால் துணி இன்னும் நன்றாக உதவும். துணியையே தூக்கிப் போடுவதற்கு வைராக்கியம் என்று பேரில்லை.

மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள், சுடுகாட்டிலிருந்து வீடு திரும்புவதற்குள் கரைந்துபோகும் வகை. உங்களுடையது அதுவும் இல்லை என்று எனக்குப் படுகிறது. ஆசை மட்டும் போய் அன்பு மிஞ்சியிருந்தால் மகளின் முகத்தைப் பார்க்கத் தோன்றியிருக்கும். எல்லாமே சப்பென்று ஆகிவிட்டது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, பசி தூக்கமும் மாறியிருக்கிறது என்றால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு நாமாக ஞானப் பெயர் சூட்டிக்கொள்ளும் ஆபத்து இந்தப் படிப்பில் நிஜமாகவே இருக்கிறது.

அது இல்லை, வெறும் குழப்பம்தான் என்றால், மகளின் கல்யாணத்தைவிட நல்ல பயிற்சிக் களம் உங்களுக்குக் கிடைக்காது. எத்தனை பவுன், எந்த மண்டபம், ஊர் என்ன சொல்லும், நம் சாதியில் யார் ஒத்துக்கொள்வார்கள், இதிலெல்லாம் எவ்வளவு சாயம் ஏறியிருக்கிறது! அதை வெளுக்க விடுங்கள். மகளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் போய்க் கேளுங்கள். மனைவியின் பயத்தையும் உட்கார்ந்து கேளுங்கள், நீங்கள் படிக்கும் நூலின் முதல் அங்கமே கூட இருப்பவரை வருத்தாமல் இருப்பது.

கடவுள் நம்பிக்கை எனக்கு இல்லை. ஈசுவரப் பிரணிதானம் என்று வரும் இடத்தில் நின்றுவிடுகிறேன். மேலே படிக்கலாமா?
வாசகர், சேலம்

படிக்கலாம். முதல் பாதத்தில் ஈசுவரனிடம் ஒப்படைப்பதைச் சொல்லும்போது பதஞ்சலி "வா" என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார், "அல்லது" என்று அர்த்தம். அதற்குப் பிறகும் மூச்சை வெளிவிட்டு நிறுத்துவது அல்லது, பற்றற்றவர் ஒருவரை மனத்தில் நிறுத்துவது அல்லது என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் உனக்கு எது பிடிக்குமோ அதைத் தியானி என்று முடிக்கிறார். ஒரு தத்துவ நூல் இத்தனை கதவைத் திறந்து வைத்திருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். நான் சாமி கும்பிடுகிறவள், எனக்கு ஈசுவரன் வழி இதமாக இருக்கிறது. இரண்டாம் பாதத்தில் நியமமாக அதே சொல் திரும்ப வரும், அங்கே "அல்லது" கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் இப்படித் தொடங்கிப் பாருங்கள்: செய்யக்கூடியதை முழுசாகச் செய்துவிட்டு, முடிவு என் கையில் மட்டும் இல்லை என்று விட்டுவிடுவது. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் ராத்திரியில் இது நாத்திகருக்கும் வேண்டியிருக்கும்.

பதற்றத்துக்கு மனநல மருத்துவர் தந்த மாத்திரையை ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன், இப்போது பரவாயில்லை. தோழி யூடியூபில் பார்த்து, கபாலபாதியும் மூச்சடக்கும் பயிற்சியும் செய், மாத்திரையை நிறுத்திவிடு என்கிறாள். செய்யலாமா?
வாசகி, நாகர்கோவில்

மாத்திரையை நிறுத்தாதீர்கள். குறைப்பதோ நிறுத்துவதோ தந்த மருத்துவரிடம் பேசி அவர் சொல்கிற விதத்தில் மட்டும்தான். சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது.

யோக நூல்களே இதில் ஜாக்கிரதையாகத்தான் பேசுகின்றன. தடைகளைப் பட்டியல் போடும்போது பதஞ்சலி முதலில் வைப்பது வியாதியை. வியாதி இருந்தால் முதலில் அதைக் கவனி என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். ஹட யோகப் பிரதீபிகை மூச்சைப் பற்றி, சிங்கம், யானை, புலி இவற்றை மெல்ல மெல்லப் பழக்குவது போலப் பழக்கு, இல்லாவிட்டால் அது பயிற்சி செய்பவரையே கொல்லும் என்று அவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது. வேகமாக மூச்சு விடுவதும் அடக்குவதும் பதற்றம் உள்ள சிலருக்கு அந்தப் படபடப்பையே கிளப்பிவிடும். நீங்கள் ஏதாவது செய்ய விரும்பினால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, நேரில் ஒரு ஆசிரியரிடம் போய், அடக்காமல் மெதுவாக மூச்சை நீட்டி வெளிவிடுவதிலிருந்து தொடங்குங்கள். மாத்திரை சாப்பிடுவதால் நீங்கள் யோகத்தில் ஒரு படி கீழே இருக்கிறீர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோழிக்கு உங்கள் மேல் பிரியம்தான், அவரிடம் கோபப்படாமல் இதைப் படிக்கக் கொடுங்கள்.

மாமனார் பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. சாப்பாடு, குளியல், டயபர் எல்லாம் நான்தான். கொழுந்தனார் குடும்பம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, எப்போதாவது வந்து பார்ப்பார்கள். முன்பு காலையில் அரை மணி நேரம் உட்காருவேன், இப்போது ஐந்து நிமிடம்கூட இல்லை. யோகம் எனக்கு முடிந்துபோன விஷயமா?
வாசகி, விருதுநகர்

உங்கள் கடிதத்தைத்தான் இந்த முறை திரும்பத் திரும்பப் படித்தேன்.

செய்வதே யோகம், வேலையில் திறமையே யோகம் என்று கீதை வரியைக் காட்டி உங்களைச் சமாதானப்படுத்துவது எனக்குச் சுலபம். அந்த வரியை நான் மதிக்கிறேன். ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் பார்த்து, ஸ்பூனால் கஞ்சி ஊட்டுகிறீர்களே, அந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்கும் கவனம் எந்தத் தியான மண்டபத்திலும் கிடைக்காதது. அவருக்கு ஊட்டும்போது அவர் விழுங்கும் வரை வேறெதுவும் நினைக்காமல் காத்திருந்து பாருங்கள், அவருக்குப் புரையேறாமல் இருக்கவும் அது உதவும். படுக்கை விரிப்பை மாற்றியதும் ஜன்னல் பக்கம் நின்று மூன்று மூச்சு, நீளமாக வெளியே. இடைவிடாமல் என்ற நிபந்தனைக்கு அந்த மூன்று மூச்சு போதும், தினமும் இருந்தால் சரி.

ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் உங்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். சந்தோஷம், தபஸ் என்ற நியமங்களைச் சொல்லியே நம் வீடுகளில் பெண்கள் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றியிருக்கிறார்கள், பொறுத்துக்கொள்வதுதான் தவம் என்று. சூத்திரத்தில் அகிம்சைக்கு விதிவிலக்காக வீட்டு மருமகளை விட்டுவைக்கவில்லை. இயமங்கள் இடத்துக்கும் காலத்துக்கும் பிறப்புக்கும் கட்டுப்படாத மகா விரதம் என்றுதான் சொல்கிறது. மூன்று வருடமாக ஒரே ஆளின் இடுப்பு ஒடிவதை வீடே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் அகிம்சை இருக்கிறதா? உங்கள் கணவர் இதில் என்ன செய்கிறார் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, அதுவும் என் கண்ணில் பட்டது.

"நான் பார்த்துக்கிறேன், பரவாயில்லை" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். பரவாயில்லை என்பது உண்மையா? இல்லையென்றால் அங்கே சத்தியத்தைப் பழக வேண்டியிருக்கிறது, கோபம் இல்லாமல், கண்ணீர் வந்தால் வரட்டும். கணவரையும் கொழுந்தனாரையும் ஒரே நேரத்தில் உட்கார வையுங்கள். உதவி பண்ணுங்கள் என்று பொதுவாகக் கேட்காதீர்கள், அது காற்றில் போய்விடும். ஞாயிறு முழுக்கக் கொழுந்தனார், தினமும் இரவு டயபர் மாற்றுவது கணவர், மாதம் இரண்டு நாள் சம்பளத்துக்கு ஒரு ஆள், செலவு பாதிப் பாதி, இப்படி நாளும் வேலையும் பணமும் சொல்லிக் கேளுங்கள். உங்கள் இடுப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை கிடைத்ததும் உடனே கண்ணை மூடித் தியானத்தில் உட்கார வேண்டும் என்று இல்லை, தூங்குங்கள். பேசிய பிறகு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.